ஹீட்டர் பழுதானால் எதை வாங்குவது? மானிப்பாய்த் தண்ணியும் மலைநாட்டுத் தண்ணியும்

மலைநாட்டில் வாழ்ந்தவர்களுக்குச் சுடுதண்ணி ஆடம்பரப் பொருள் அல்ல. மார்கழி, தை மாதத்தில் நுவரெலியாப் பக்கம் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் காலையில், கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்துக்குக் கொண்டுபோகும் முன் ஒரு கேத்தல் தண்ணியாவது காய்ச்சாமல் எந்தத் தாயும் வெளிக்கிடுவதில்லை. இதை நாம் விளக்கத் தேவையில்லை. ஆனால் இப்போது நம்மவர்களின் வீடுகளிலும் ‘ஹீட்டர்’ வந்துவிட்டது. வந்தது பழுதாகவும் தொடங்கிவிட்டது. பழுதானதும் கடைக்காரர் சொல்வதை வாங்கி மாட்டுவதுதான் நடக்கிறது. இதைப்பற்றி எழுதும்படி எங்களைத் தூண்டியது மானிப்பாயிலிருந்து வந்த ஒரு கடிதம்.

எழுதியவர் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர். மகளை மானிப்பாயில் கட்டிக் கொடுத்திருக்கிறார். இப்போது மகளோடு அங்கேயே இருக்கிறார். முழங்கால் வலிக்காக மருமகன் 30 லீற்றர் மின்சார ஹீட்டர் ஒன்று பூட்டிக் கொடுத்தார். மூன்று வருடத்தில் உள்ளே இருக்கும் கொயில் எரிந்துவிட்டது. புதுக் கொயில் போட்டார்கள், அதுவும் ஒன்றரை வருடம்தான். “ஐயா, சின்னதைப் போட்டு அலைக்கழியாதேங்கோ, ஐம்பது லீற்றர் ஒண்டு எடுங்கோ, பிரச்சினை வராது” என்று கடையில் சொல்கிறார்களாம். பெரியவர் கேட்கிறார்: “தோட்டத்துல என் தம்பி வூட்டுலயும் ஹீட்டர் இருக்கு. அது எட்டு வருசமா ஓடுது. ஆனா தண்ணி சரியா சுடாது. இங்க நல்லா சுடுது, ஆனா எரிஞ்சு போகுது. இது என்னங்க கணக்கு? சேமலாப நிதிக் காசுல மிச்சம் இருக்கிறத இதுல போடலாமா?”

கேள்வி நல்ல கேள்வி. தம்பி வீட்டு ஹீட்டர் ஏன் சுடவில்லை, அண்ணன் வீட்டு ஹீட்டர் ஏன் எரிந்தது என்ற இரண்டுக்கும் பதில் தண்ணியில்தான் இருக்கிறது.

தண்ணியைப் பாருங்கள்

யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கும் நிலம். வருடம் முழுக்க ஓடும் ஆறு அங்கே கிடையாது. மானிப்பாய்க்கு அண்மையால் போகும் வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஆறு. ஆகவே குடிக்க, குளிக்க, தோட்டம் இறைக்க எல்லாம் கிணற்றுத் தண்ணிதான். மழைத்தண்ணி மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைக் கலந்துகொண்டு, சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துத் தன்னோடு கொண்டுபோகிறது. கிணற்றில் அள்ளும்போது தண்ணி கண்ணாடி போலத்தான் இருக்கும். சூடாக்கினால் அந்த வாயு பறந்துவிடும், கரைந்திருந்த சுண்ணாம்பு திரும்பக் கல்லாகிப் படியும். எங்கே படியும்? எது ஆகச் சூடாக இருக்கிறதோ அதன் மேல். ஹீட்டரில் ஆகச் சூடானது கொயில்தான்.

முதலில் ஒரு கடதாசித் தடிப்பு. பிறகு முட்டைக் கோது அளவு. பிறகு விரல் தடிப்பு. கொயிலில் பிறக்கும் சூடு இந்தச் சுண்ணாம்புச் சுவரைத் தாண்டித் தண்ணிக்குப் போகமுடியாமல் கொயிலுக்குள்ளேயே தேங்குகிறது. கரண்ட் செலவு கூடும், தண்ணி சூடாக நேரம் எடுக்கும், கடைசியில் கொயில் வெடித்துவிடும். பெரியவர் வீட்டில் நடந்தது இதுவாகத்தான் இருக்கவேண்டும். கழற்றிய கொயிலைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள், வெள்ளைக் கல் ஒட்டியிருக்கும். ஐம்பது லீற்றர் பெட்டி வாங்கினாலும் தண்ணி அதே தண்ணிதானே? சுண்ணாம்பு படிய இடம் பெரிதாகும், அவ்வளவுதான்.

மலைநாட்டில் பாறை கருங்கல் இனம், இலகுவில் கரையாது. ஊற்றுத் தண்ணி மென்மையானது. இதைச் சோதிக்க ஆய்வுகூடம் வேண்டாம். தோட்டத்துப் பீலியில் சவர்க்காரம் போட்டால் நுரைத்துத் தள்ளும். அதே சவர்க்காரத்தை மானிப்பாய்க் கிணற்றடியில் தேய்த்துப் பாருங்கள், கை நோகும். நாம் பறித்த கொழுந்தே அங்கே போய்த் தேநீரானால் நிறம் மங்கி, மேலே மெல்லிய ஆடை கட்டுகிறது. தூளில் குறை என்று ஸ்டோரைத் திட்டவேண்டாம்!

இனித் தம்பி வீட்டு விஷயம். மானிப்பாய்க் கிணற்றுத் தண்ணி ஏறக்குறைய 28 பாகை செல்சியஸில் இருக்கிறது. குளிக்கச் சுகமான தண்ணி 40 பாகை. ஆகவே கூட்டவேண்டியது 12 பாகைதான். உயர்ந்த மலைத் தோட்டங்களில் குழாய்த் தண்ணி காலையில் 16 பாகைக்கு வந்துவிடும். நுவரெலியாவின் வருடச் சராசரி வெப்பநிலையே ஏறக்குறைய அவ்வளவுதான். அங்கே கூட்டவேண்டியது 24 பாகை, சரியாக இரண்டு மடங்கு. ஷவரோடு பூட்டும், தண்ணி ஓட ஓடச் சுடவைக்கும் 3.5 கிலோவாற் ஹீட்டரை எடுத்தால், மானிப்பாயில் அது நிமிடத்துக்கு நாலு லீற்றருக்குக் கொஞ்சம் மேல் 40 பாகையில் தரும். மலையில் அதே ஹீட்டர் இரண்டு லீற்றர்தான் தரும். நூல் போல வரும் தண்ணியில் குளிக்க முடியாமல் குழாயைக் கூடத் திறப்போம், உடனே தண்ணி ஆறிப்போகும். தம்பி வீட்டு ஹீட்டரில் பழுது இல்லை. மென்மையான தண்ணியில் அது இன்னும் பல வருடம் ஓடும். ஆனால் அந்த ஊர்க் குளிருக்கு அதன் பலம் போதாது.

காசுக் கணக்கு

இருபது லீற்றர் வாளி ஒன்றை 40 பாகைக்குக் கொண்டுவர மானிப்பாயில் கால் யுனிட்டுக்குச் சற்று மேல் கரண்ட் போகும். மலையில் அரை யுனிட்டுக்கு மேல். ஐந்து பேர் குடும்பம் நாளுக்கு ஒரு வாளி வீதம் குளித்தால் மானிப்பாயில் மாதம் 42 யுனிட், மலையில் 84 யுனிட். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது எல்லாருக்கும் தெரியும். 60 யுனிட்டுக்குள் பில் கட்டிவந்த குடும்பம் இதனால் இரண்டு படி தாண்டிவிடும். அப்போது ஹீட்டரின் யுனிட்டுக்கு மட்டுமல்ல, மாதாந்த நிலையான கட்டணத்துக்கும் சேர்த்துத்தான் கூடுகிறது. 2022 ஆகஸ்டில் மின்கட்டணத்தைச் சராசரியாக 75 சதவீதம் ஏற்றினார்கள். அதன் பிறகு ஏறியும் இறங்கியும் வருகிறது. எனவே வாங்கும் விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், பின்னால் மாதாமாதம் அழவேண்டி வரும்.

கரண்டை மட்டும் நம்புவதிலும் ஒரு சங்கடம் உண்டு. 1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டபின் குடாநாட்டு மக்கள் பல வருடம் மின்சாரமே இல்லாமல் வாழ்ந்தார்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டு. லக்சபானவின் மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது, நம் மலையில் விழும் தண்ணியில்தான். அந்தத் தண்ணிக்குப் பக்கத்திலேயே இருந்த லயன்களுக்குக் கரண்ட் வந்ததோ எத்தனையோ காலம் கழித்து. அதை இங்கே நீட்டவில்லை. பழைய விறகடுப்பை உடைத்து எறிந்துவிட்டு ஹீட்டர் வாங்காதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

மானிப்பாயில் எது பொருந்தும்

பெரியவருக்கு எங்கள் பதில் இது. முதலில் வெயிலைப் பாவியுங்கள். மானிப்பாயில் மேல்தாங்கியில் கறுப்பு நிறத் தொட்டி இருந்தால் பின்னேரம் அதில் வரும் தண்ணியே இளஞ்சூடாக இருக்கும். மூட்டு வலிக்காரர் காலையில் குளிப்பதை விட்டு நாலு மணிக்குக் குளித்தால் வருடத்தில் பல மாதம் ஹீட்டரே தேவைப்படாது. பெரியவருக்கு இது பிடிக்காது என்று தெரியும். தோட்டத்துப் பழக்கம், பிரட்டுக்கு முன் குளித்தவர்!

சூரிய ஹீட்டரும் நல்லதுதான். அங்குள்ள வெயிலுக்கு ஏற்றது. ஆனால் சூரிய ஹீட்டரின் குழாய்க்குள்ளும் சுண்ணாம்பு படியும். கிணற்றுத் தண்ணி நேராகக் குழாய்க்குள் போகும் வகையை வாங்கினால், உள்ளே கழுவக்கூடியதா, அடியில் வடித்துவிட வால்வு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். முதல் விலை அதிகம். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு அது சரிவரும். சேமலாப நிதிக் காசில் வாங்கும்படி நாங்கள் சொல்லமாட்டோம்.

மின்சார ஹீட்டர்தான் வேண்டுமென்றால், கடைக்காரர் சொன்னதற்கு எதிர்ப்பக்கமாகப் போங்கள். 15 லீற்றர் தொட்டி, 1.5 கிலோவாற் கொயில் போதும். தொட்டித் தண்ணியை 55 பாகைக்குச் சூடாக்கிப் பச்சைத்தண்ணியோடு கலந்தால் மானிப்பாயில் 34 லீற்றர் குளிக்கும் தண்ணி வரும். முடிந்ததும் இருபது நிமிடத்தில் அடுத்தவருக்குத் தயார். 50 லீற்றர் தொட்டியில் ஒருவர் குளிக்க 50 லீற்றரையும் சூடாக்கி, மிச்சத்தை ஆறவிடுகிறோம்.

சூட்டின் அளவை 55 பாகைக்கு மேல் திருப்பாதீர்கள். 60 பாகையைத் தாண்டினால் சுண்ணாம்பு படிவது வேகமாகும். தோலுக்கும் ஆபத்து. 60 பாகைத் தண்ணி சில விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும், 50 பாகையில் சில நிமிடம் ஆகும். தளர்ந்த வயதுக்காரரும் சின்னப் பிள்ளையும் உள்ள வீட்டில் அந்தச் சில நிமிடம் பெரிய விஷயம். பல நாள் பாவியாமல் கிடந்த தொட்டியை மட்டும் ஒருமுறை 60 பாகைக்குக் கொதிப்பேற்றி, அந்தத் தண்ணியை வடித்துவிட்டுப் பிறகு குளியுங்கள். தேங்கிய வெதுவெதுப்பான தண்ணியில் நோய்க்கிருமி பெருகலாம்.

தொட்டிக்குள்ளே மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். தொட்டி துருப்பிடிக்காமல், அதற்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதுதான் அதன் வேலை. உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணியில் சீக்கிரம் கரைந்துவிடும். வருடத்துக்கொரு தரம் பிளம்பரை அழைத்துத் தொட்டியைத் திறந்து, கொயிலில் படிந்ததைச் சுரண்டி, கம்பி தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அடியில் சேர்ந்த சுண்ணாம்புத் தூளை மூன்று மாதத்துக்கொருமுறை வடித்துவிடலாம். இந்தச் செலவு புதுக் கொயிலைவிடக் குறைவு. உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கும்போதே காட்டச் சொல்லுங்கள். பெட்டிக்குள் வரும் வழிகாட்டித் துண்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய ஊர் மானிப்பாய். அங்கே ஒரு தண்ணித்தொட்டியின் குறிப்பைத் தமிழில் படிக்க வழியில்லை!

தண்ணியை மென்மையாக்கும் இயந்திரமும் விற்கிறார்கள். அதைக் கழுவ உப்பு வேண்டும். கழுவிய உப்புத்தண்ணி வளவுக்குள் விட்டால் திரும்பக் கிணற்றுக்குத்தான் இறங்கும். ஒரு வீட்டு ஹீட்டருக்காக அயல் கிணறுகளையும் சேர்த்து உவராக்குவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை ஓட்டிலிருந்து வடியும் மழைத்தண்ணியைப் பிடித்து வைத்தால் அது மென்மையான தண்ணி. வெயில் குறைந்த அந்த மாதங்களில் குசினி அடுப்பில் ஊமலும் பொச்சும் போட்டு ஒரு கிடாரம் காய்ச்சினால், பிள்ளை பெற்றவளுக்கு வேதுத் தண்ணியும் ஆச்சு, பெரியவர் முழங்காலுக்கும் ஆச்சு.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு

இங்கே விஷயம் வேறு. தண்ணி நல்ல தண்ணி, கொயில் சீக்கிரம் எரியாது. ஆபத்து வயரிலும் சுவரிலும் இருக்கிறது. லயன் தீப்பிடித்து இருபது குடும்பம் தெருவில் நிற்கும் செய்தியை நாம் எத்தனை தரம் வாசித்துவிட்டோம்! காரணம் என்று பல முறை எழுதப்படுவது மின்னொழுக்கு. ஒரு பல்பு, ஒரு டீவிக்கென்று இழுத்த வயரில் 3.5 கிலோவாற் ஹீட்டரை மாட்டினால் 15 அம்பியர் ஓடும். வயர் சுவருக்குள்ளும் கூரைக்கட்டையிலும் சூடாகும். நமக்குத் தெரியாது. பக்கத்துக் காம்பிராவும் அதே கூரைக்குக் கீழேதான். அடிக்கடி பியூஸ் போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றிவிடுவது நெருப்பை நாமே அழைப்பது போன்றது. ஹீட்டர் வேண்டுமானால் மீற்றர் பெட்டியிலிருந்து தனி வயர், தனி சுவிட்ச், எர்த் கம்பி, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஆகிய நாலும் வேண்டும். ட்ரிப் சுவிட்சில் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், உடனே விழவேண்டும். (யாழ்ப்பாணத்திலும் இதே சட்டம்தான். பாறை மேலே தெரியும் வளவுகளில் எர்த் கம்பி ஆழமாக இறங்காது, வயரிங்காரரிடம் அளந்து காட்டச் சொல்லவேண்டும்.)

வாளிக்குள் தொங்கவிடும் ஹீட்டர் கோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். மலிவு என்று வாங்குகிறார்கள். பிளக்கைக் கழற்றாமல் தண்ணிக்குள் கைவிட்டுச் சூடு பார்ப்பதில்தான் உயிர் போகிறது. பிளேட் துண்டில் வயர் கட்டிச் செய்வதையோ வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

எரிவாயு ஹீட்டர் நிறையத் தண்ணியைச் சுடவைக்கும், உண்மை. ஆனால் குளிருக்குக் கதவு ஜன்னலைச் சாத்திய சின்னக் குளியலறைக்குள் அது எரிந்தால் காபன் மொனொக்சைட் சேரும். மணம் இல்லை, நிறம் இல்லை, குளிக்கப் போனவர் அப்படியே மயங்கி விழுவார். இந்தியாவில் இப்படி இறந்தவர்கள் பலர். வெளிச்சுவரில், காற்றோடும் இடத்தில் பூட்ட முடியாவிட்டால் வாங்கவே வேண்டாம். 2021 கடைசியில் அடுப்புகள் வெடித்ததையும், 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்றதையும் யாரும் மறந்திருக்கமாட்டோம்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? தோட்டத்தில் ஹீட்டரை மாற்ற நினைக்கும் குடும்பத்துக்கு, முதலில் அடுப்பை மாற்றுங்கள் என்பதே எங்கள் ஆலோசனை. மூன்று கல் அடுப்பில் ஒரு வாளித் தண்ணியைச் சூடாக்கக் காய்ந்த விறகு சுமார் ஒரு கிலோ போகும். சூட்டின் பெரும்பகுதி பக்கத்தால் வீணாகிறது. புகை அம்மாவின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும். இலங்கையிலேயே உருவாக்கிய ‘அனகி’ மண்ணடுப்புக்கு இரண்டு வாய். முன்வாயில் சோறு வேகும்போது மிஞ்சும் சூடு பின்வாய்க்குப் போகிறது. பின்வாயில் மூடியோடு ஒரு அண்டாத் தண்ணி வைத்தால், சோறு இறக்கும் நேரம் தண்ணி தனி விறகில்லாமலே சுட்டிருக்கும். மிலாறு, சவுக்கு எதுவானாலும் ஒரு மாதமாவது கூரைக்குக் கீழ் காயவைத்து எரியுங்கள். ஈர விறகு தன் ஈரத்தை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அடுப்புக்கு மேலே புகைபோக்கி வையுங்கள், கூரைத் தகரத்தில் ஓட்டை போட மனமில்லாவிட்டால் சுவர் வழியாகவாவது.

பங்களாவில் வேலை செய்தவர்களுக்கு அங்குள்ள விறகு பொயிலர் ஞாபகம் இருக்கும். வெளியே செங்கல் அடுப்பு, மேலே தொட்டி. சூடான தண்ணி இலேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், மோட்டர் இல்லாமலே சுற்றிவரும். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து இப்படி ஒன்றைக் கட்டுவதைப்பற்றி யோசிக்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறவேண்டாம், தொட்டியை முழுக்க அடைக்கக்கூடாது. ஆவி போக மேலே திறந்த குழாய் இருக்கவேண்டும். அடைத்த தொட்டி குண்டு மாதிரி.

லயனிலேயே இருப்பவர்கள் சுவரையும் பாருங்கள். 30 லீற்றர் தொட்டி தண்ணியோடு நாற்பது கிலோவைத் தாண்டும். நூறு வருடம் கண்ட சுவரில் நாலு ஆணியில் அதைத் தொங்கவிட முடியாது. வீடும் நம் பெயரில் இல்லை. வயரிங் செய்யுமுன் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி வையுங்கள். நாளைக்கு ஒரு விபத்து என்றால் “அனுமதி இல்லாமல் செய்தது” என்று கையை விரிப்பார்கள்.

பூட்டும் நாளில் பக்கத்தில் நின்று பாருங்கள். தொட்டிக்குப் பிரஷர் வால்வு பூட்டுகிறார்களா என்பது முக்கியம். தண்ணி சூடானால் விரியும். விரிந்த தண்ணி போக வழியில்லாவிட்டால் தொட்டி வெடிக்கும். சூடாகும்போது அந்த வால்வில் சொட்டுச் சொட்டாக விழுவது அதன் வேலை, பழுது அல்ல. சிலர் அதற்கு மரக்கட்டை செருகி, டேப் சுற்றி அடைக்கிறார்கள். பழைய ஹீட்டரிலிருந்து கழற்றிய வால்வைப் புதிதில் பூட்டவும் விடாதீர்கள். மானிப்பாயில் அது கட்டாயம் சுண்ணாம்பு பிடித்து இறுகியிருக்கும்.